கை வைத்த உயரம்

அந்த ஊரின் போர் நினைவுச் சுவரை நம்பினால், ஊரிலிருந்து போருக்குப் போன பையன்களில் ஒருத்தன்கூட ஆறடிக்குக் குறைவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் சுவருக்கு எதிரே இருக்கும் சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு, அவர் பெயருக்குக் கீழே நிற்கச் சொல்லலாம். பெயர் அவர் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே இருக்கும். வெறும் கையோடு வரமாட்டார், ஒரு டியூபையோ பெடலையோ பிடித்துக்கொண்டு வந்து நின்றுவிட்டு, "பாத்துக்கிட்டீங்களா, எங்கம்மா வளத்த பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

முதலில் அங்கே சுவர் வருவதாகவே இல்லை. போர் முடிந்த கையோடு நகராட்சி ஒரு சிலைக்குத்தான் ஏற்பாடு செய்தது. துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி, குனிந்த தலையோடு நிற்கும் சிப்பாய். சிலை செய்கிறவர் மாதிரிப் படம் அனுப்பினார். செத்தவர்களின் குடும்பங்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் படத்தைக் காட்டினார்கள். ஓர் அம்மாள் எழுந்து, "இது யாரு?" என்று கேட்டாள்.

"யாருமில்லைம்மா. பொதுவா ஒரு சிப்பாய்" என்றார் தலைவர்.

"பொதுவா ஒருத்தனை நான் பெக்கலையே."

அதோடு போயிற்று. மூக்கு இன்னும் எடுப்பாக இருக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. என் மகன் யாருக்கும் தலை குனிந்ததில்லை என்று மேஜையைத் தட்டினார் ஓர் அப்பா. சிலையைக் கைவிட்டார்கள். நகராட்சியில் வரைபடம் போடும் மனிதர் ஒருவர் இருந்தார், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். அவர்தான், முகமே வேண்டாம், சாம்பல் நிறக் கல்லில் ஒரு சுவர் கட்டிப் பெயர்களை வெட்டிவிடலாம் என்றார். சுவர் எழும்பியது. பெயர்களை எந்த வரிசையில் போடுவது என்பதில் மறுபடியும் சண்டை. அகர வரிசை என்றால் கடைசியில் வருகிற குடும்பங்களுக்கு ஆகவில்லை. பதவி வரிசை என்றால் ஒரே ஒரு சார்ஜெண்டின் அப்பாவைத் தவிர யாருக்கும் ஆகவில்லை. சுவர் மாதக்கணக்கில் மொட்டையாக நின்றது. ஆட்கள் அதில் சைக்கிளைச் சாத்தினார்கள்.

ஒரு நாள், சிலையை யாரென்று கேட்ட அதே அம்மாள் காய்கறிப் பையோடு அந்த வழியாக வந்தாள். வரைபடக்காரர் சுவரடியில் தாளும் கையுமாக விழித்துக்கொண்டிருந்தார். அவள் பையைக் கீழே வைத்தாள். எக்கி, தன் தலைக்கு மேலே கல்லில் உள்ளங்கையைப் பதித்தாள். "என் பையன் தலை இது வரைக்கும் வரும். இங்க எழுதிட்டுப் போங்க. இதுக்கு எதுக்கு இத்தனை கூட்டம்?" என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து அவள் கையைச் சுற்றிக் கோடு போட்டார். அவ்வளவுதான், சுவரின் வடிவமைப்பு முடிந்துவிட்டது.

ஒவ்வொரு குடும்பமாக வந்தது. அளவு நாடாவும் கிடையாது, காகிதமும் கிடையாது. ஆளைத் தெரிந்த ஒருவர் கை வைக்க வேண்டும், சாக்கட்டி விரல்களைச் சுற்றி முடிக்கிற வரை கையை எடுக்கக் கூடாது, எடுத்தபின் பேச்சு இல்லை. இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்று விடிய விடிய நடக்கும் என்று வரைபடக்காரருக்குத் தெரிந்திருந்தது. ஊரே 'கட்டையன்' என்று கூப்பிட்ட ஒரு பையனின் அம்மா முக்காலி போட்டு ஏறி வைத்தாள். இன்றைக்கும் சுவரில் எல்லோருக்கும் மேலே இருப்பது கட்டையன்தான். வெளியூர்க்காரர்கள் பெயர்கள் ஏன் இப்படி இறைந்து கிடக்கின்றன என்று முகம் சுளிப்பார்கள். உள்ளூரில் யாரும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

சைக்கிள் கடைக்காரர் போரில் காணாமல் போனவர். அவருடைய அம்மா கொஞ்ச நாள் பார்த்தாள், பிறகு வந்து கை வைத்துவிட்டாள். பெயர் வெட்டி இரண்டு வருஷம் கழித்து மனிதர் ஒரு காலை இழுத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். பெயரை எடுத்துவிடலாமா என்று நகராட்சி கேட்டது. "கை வச்சது வச்சதுதான்" என்றாள் அம்மா. "நமக்கு அட்வான்ஸா போட்டுட்டாங்க" என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

அவர் திரும்பி வந்த அந்த ஒரு காரியம், கண்ணாடியக்காவைக் கெடுத்துவிட்டது.

கண்ணாடியக்கா என்றால் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். அவள் கணவரும் 'காணவில்லை'தான். அவர் போகும்போது அவள் வயிற்றில் மகள். அந்த மகளுக்கே இப்போது முன்நெற்றியில் இரண்டு நரை. ஒருத்தர் வந்தாரே, இன்னொருத்தர் வரமாட்டாரா என்று அக்கா முப்பது வருஷத்துக்கு மேல் சுவருக்குப் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. முதலில் ஊர் அவளை மெச்சியது. பிறகு பரிதாபப்பட்டது. அப்புறம் மறந்தது. மறக்காதது அவளுடைய நாத்தனார் ஒருத்திதான்.

நாத்தனாருக்குப் பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை. டிரைவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஹாரன்'. அவள் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தபோது, அக்கா ஒரு சட்டத்தின் கீலில் எறும்புத் தலை அளவு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நோட்டீஸ் பாத்தீங்களா?"

"மெதுவாப் பேசு. திருகாணி பறந்துடும்."

"சுவர்ல கீறல் விட்டுடுச்சாம். ரிப்பேர் பண்ணி மேல ஏதோ பூச்சு பூசப்போறாங்க. பூசிட்டா அப்புறம் உளி படக் கூடாதாம். இந்த மாசத்தோட சரி. இப்ப விட்டா அண்ணன் பேரு எங்கயும் இருக்காது."

அக்கா திருகாணியை முடுக்கி முடித்தாள். சட்டத்தை மடக்கிப் பார்த்தாள், விரித்துப் பார்த்தாள். "அவர் செத்துட்டார்னு யாரு சொன்னா?" என்றாள். வருஷக்கணக்காகச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். இந்த முறை சொன்னபோது அவளுக்கே அதில் சுரத்து இல்லை.

"யாரும் சொல்லல. சொல்றதுக்கு ஆளும் இல்ல. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்னு சொல்லிக்க ஒரு இடம் வேணாமா? நீங்க வைக்கலேன்னா நான் வைக்கிறேன். தங்கச்சிதானே, எனக்கும் உரிமை இருக்கு." ஹாரன் நிலைக்கதவுப் பக்கம் போய்க் கையைத் தூக்கினாள். "அண்ணன் இந்த நிலையில குனிஞ்சுதான் உள்ள வருவார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"உனக்கு அப்ப பத்து வயசு. உனக்கு எல்லாருமே ஒட்டகம்தான்."

"சரி, அப்ப நீங்க சொல்லுங்க. எவ்வளவு உயரம்?"

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். கையைத் தூக்கினாள். கை காற்றில் நின்றது. கொஞ்சம் மேலே போனது, கொஞ்சம் கீழே வந்தது. எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் உடைந்த கண்ணாடியோடு உள்ளே வர, கை தப்பித்தோம் பிழைத்தோம் என்று கீழே இறங்கி அதை வாங்கிக்கொண்டது. எதிர்ச் சுவரில் கண் சோதிக்கும் எழுத்துப் பலகை மாட்டியிருந்தது. எத்தனையோ பேரை அதற்கு எதிரே உட்காரவைத்து, தெரிகிறதா, மங்கலா என்று கேட்டவள். தன்னையே கேட்டுக்கொண்டாள். மங்கல்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் சமையலறைச் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். இவ்வளவா? ரொம்ப உயரம், மின்விளக்கு மாட்டுகிறவன் மாதிரி. இவ்வளவா? இது ரொம்பக் குட்டை. அவர் தாடை தன் நெற்றியில் இடிக்கும் என்று ஒரு நினைவு இருந்தது. ஆனால் எலும்பு டாக்டர் அவளே உயரத்தில் இரண்டு விரற்கடை குறைந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். குறைந்துபோன நெற்றியை வைத்து எந்தத் தாடையை அளப்பது? நிமிர்ந்து நின்று ஃபிரிட்ஜில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். குதிகாலைத் தூக்கியும் பார்த்தாள். தண்ணீர் வாரியத்தில் வேலை பார்க்கும் மகள் அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"என்னம்மா, ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடிச்சுட்டு நிக்கிற?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அக்காவுக்குத் தெம்பு இல்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கப்பா எவ்வளவு உயரம்னு எனக்கு மறந்துபோச்சுடி."

மகள் பையைக் கழற்றி வைத்தாள். "ராணுவ ஆபீஸ்ல கேட்டா சொல்லிடுவாங்களே."

"நம்பர் சொல்லுவாங்க. நம்பரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அங்க கைதான் வைக்கணும். இத்தனை வருஷமா அவர் வருவார், வருவார்னு எல்லார்கிட்டயும் வீம்பு பிடிச்சேனே, இப்ப வாசல்ல வந்து நின்னா இவர்தான்னு எனக்குத் தெரியுமா? உங்க அத்தை பட்டுனு கை காட்டுறா. பொண்டாட்டி நான் முழிக்கிறேன். வெக்கமா இருக்கு."

மகள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அம்மாவிடம் சட்டென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டுதான் பேசினாள்.

"நீ மறந்துட்டேன்னு அழற. மறக்கிறதுக்கு உனக்கு ஏதோ இருந்துச்சு. எனக்கு அதுவும் இல்லையே. ஸ்கூல்ல எங்களை வரிசையா அங்க கூட்டிட்டுப் போவாங்க. ஒவ்வொருத்தியும் போய் அவங்க அப்பா பேரு, மாமா பேருன்னு எக்கி எக்கித் தொடுவா. நான் ஓரமா நிப்பேன். எனக்கு அப்பா செத்தவரும் இல்ல, இருக்கிறவரும் இல்ல. நீ காத்திருக்க, சரி. நான் யாருக்காகக் காத்திருக்கேன்னே எனக்குத் தெரியாதும்மா. எங்கயாவது வை. தப்பா இருந்தாலும் பரவாயில்ல. நான் தொடுறதுக்கு ஒரு இடம் கொடு."

தான் ஒருத்தி மட்டும்தான் காத்திருக்கிறோம் என்று அக்கா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இந்தப் பெண் ஓரமாக நின்றதை ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல அம்மா இடம் கொடுத்தாளா என்பது வேறு விஷயம். இரண்டு பேரும் அன்றைக்குச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கை அலம்பும்போது, "சனிக்கிழமை போலாம்" என்றாள் அக்கா.

சனிக்கிழமை காலை சுவரடியில் நல்ல வெயில். கல்தச்சர் கீறல்களை அடைத்து முடித்து, பலகையில் உட்கார்ந்து உளிகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். ஹாரன் டிப்போ யூனிஃபாரத்தோடு முன்னாடியே வந்து நின்றிருந்தாள். கூடவே டிப்போவிலிருந்து ஒரு ஸ்டூலையும் தூக்கி வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது எதுக்குடி?"

"ஏறுங்க அண்ணி. கட்டையன் அம்மாவே ஏறியிருக்காங்க. எங்க அண்ணன் கட்டையனுக்குக் கீழயா இருக்கணும்?"

சைக்கிள் கடைக்காரர் ஒரு பம்பைக் கையில் பிடித்தபடி சாலையைத் தாண்டி வந்தார். அவரைப் பார்த்தால் அக்காவுக்கு எப்போதும் ஒரு பொறாமை. அன்றைக்கு அது இல்லை. "தாராளமா வைங்கம்மா. எங்கம்மா என்னை ஒரு சாண் வளத்தா. இன்னி வரைக்கும் ஒருத்தரும் கேள்வி கேக்கல" என்றார்.

அக்கா ஸ்டூலில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லுக்கு நேரே போய் நின்றாள். இவ்வளவு பக்கத்தில் அவள் அந்தச் சுவரைப் பார்த்ததே இல்லை. பெயர்களுக்கு அடியில் கல், தொட்டுத் தொட்டுக் கறுத்து வழவழப்பாக இருந்தது. எல்லாம் தலைக்கு மேலே. கீழ்ப்பாதியில் எதுவும் இல்லை, சைக்கிள் கைப்பிடிகள் உரசிய கோடுகள் மட்டும்.

"அவசரமில்லம்மா. ஆனா வச்சுட்டா எடுக்காதீங்க" என்றார் கல்தச்சர்.

அவள் கையைத் தூக்கினாள். நெற்றிக்கு நேரே கொண்டுபோனாள், கல்லில் படுவதற்குள் இழுத்துக்கொண்டாள். "இன்னும் மேல அண்ணி" என்றது பின்னாலிருந்து ஹாரன். மேலே கொண்டுபோனாள். அங்கே யாரும் இல்லை. அவர் முகம் அந்த உயரத்தில் வரவில்லை, எந்த உயரத்திலும் வரவில்லை. தோள் வலித்தது. கை தளர்ந்து தானாகக் கீழே இறங்கியது. இடுப்பு உயரத்துக்கு வந்ததும் உள்ளங்கை லேசாகக் குவிந்தது, ஏதோ உருண்டையான ஒன்றைப் பிடித்துக்கொள்வது போல.

உடனே அவருடைய உச்சந்தலை வந்தது. முடிக்கு நடுவே ரெட்டைச் சுழி. ஒட்ட வெட்டிய முடி உள்ளங்கையில் குத்தியது, அதுவும் வந்தது. அக்கா அப்படியே கல்லில் கையைப் பதித்தாள்.

"இங்க" என்றாள்.

கல்தச்சர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். "அம்மா, அது இடுப்புக்கு வருது."

"உக்காந்திருந்தார்."

"எங்க உக்காந்திருந்தார்?"

"வாசப்படியில. பூட்ஸ் மாட்டிட்டிருந்தார், அன்னிக்கு, கிளம்பும்போது. புது பூட்ஸ், கயிறு நீளம், கோத்துக் கோத்து முடியல அவருக்கு. நான் பின்னாடி நின்னு தலையில கை வச்சிருந்தேன். என் வயிறு முதுகுல முட்டுதுன்னு சிரிச்சார். நின்ன உயரம் எனக்குத் தெரியலங்க. இது தெரியும். இது நிச்சயமாத் தெரியும்."

"அது சரிம்மா. ஆனா இவ்வளவு கீழ வச்சா சைக்கிள் சாத்துவாங்க. நாய் வந்து படுக்கும்."

"படுக்கட்டும். அவருக்கு நாய்ன்னா உசுரு."

ஹாரனுக்கு ஆத்திரம் வந்தது. "என்ன அண்ணி இது? எல்லாரும் அவங்கவங்க பிள்ளைய வானத்துக்கு ஏத்தி வச்சிருக்காங்க. எங்க அண்ணனைப் போய் இப்படித் தரையில... பாக்கிறவன் என்ன நினைப்பான், குள்ளன்னு நினைக்க மாட்டானா?"

"நீ அன்னிக்கு ஸ்கூலுக்குப் போயிட்ட. அவர் உன்னைக் கேட்டுக்கிட்டே இருந்தார். பாத்துட்டுப் போலாம்னு கயிறை அவிழ்த்து அவிழ்த்து மறுபடியும் கட்டினார்." அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

இத்தனை வருஷத்தில் ஹாரனுக்கு இதை யாரும் சொன்னதில்லை. கொண்டுவந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து யூனிஃபாரத்தின் கைப்பகுதியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சைக்கிள் கடைக்காரர் பம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, சாலையில் போகிற லாரியைப் பார்த்தார்.

கல்தச்சர் மண்டியிட்டார். சாக்கட்டி கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக ஏறி இறங்கிச் சுண்டுவிரலைத் தாண்டி மணிக்கட்டுக்கு வந்தது.

"முடிஞ்சதும்மா. கையை எடுக்கலாம்."

அக்கா எடுக்கவில்லை. கல்தச்சர் காத்திருந்தார். அவருக்கு இது பழக்கம் போலிருக்கிறது, சாக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார். வெயில் ஏறியது. மகள் பக்கத்தில் வந்து, "அம்மா" என்றாள்.

"எடுக்க முடியலடி" என்றாள் அக்கா. குரல் அவள் குரலாகவே இல்லை. "அன்னிக்கு நான் கையை எடுத்தேன். எடுத்ததும் எந்திரிச்சுப் போயிட்டார்."

மகள் ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்த்தாள். சுவரடியில், தூசியில், கால்களை மடக்கி உட்கார்ந்தாள். அம்மாவின் உள்ளங்கைக்கும் கல்லுக்கும் நடுவே தன் விரல்களை மெதுவாக நுழைத்தாள்.

"நீ எடுத்துக்கோம்மா" என்றாள். "நான் வச்சுக்கிறேன்."